நன்றியும் நாற்காலியும்

“இன்னும் ஓராண்டு அண்ணனே ஆடட்டும், ஐயா! நான் காத்திருக்கிறேன்!”

சொன்னவன் பத்தொன்பது வயது இளைஞன். சொன்ன இடம், ஜவ்வாது மலையின் மீது, ஜமுனாமரத்தூரில் ஒரு தேநீர்க் கடை. சுற்றி நின்றவர்கள், பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கைப்பந்து அணியினர். கீழ்நாட்டிலே நடைபெறவிருந்த பந்தயத்துக்குப் புறப்பட ஆயத்தமாகிக் கொண்டிருந்தனர். ஆயத்தத்தின் நடுவே ஒரு வழக்கு முளைத்துவிட்டது.

அவன் குறிப்பிட்ட ‘அண்ணன்’ அந்த அணியின் தலைவர். பதினைந்து ஆண்டுகள் வலையருகே நின்று பந்தை அறைந்தவர். ஊர்ப் பள்ளிக்கூட அலமாரியிலே அணிவகுத்து நிற்கும் கோப்பைகளிலே பாதி, அவர் தோளின் விளைச்சல். இன்று அவருக்கு வயது முப்பத்தெட்டு. முழங்கால் வீங்குகிறது. எழும்பிக் குதித்த கால்கள், தரையைத் தொடும்போது தயங்குகின்றன.

அணியின் பொதுப்பணம் ஒன்பதாயிரம் ரூபாய். அதனைக் கொண்டு அண்ணனின் முழங்காலுக்கு மருத்துவம் பார்த்து, அவரையே இன்னும் ஓராண்டு தலைவராக வைத்துக்கொள்வோம் என்றது ஒரு கட்சி. வெறுங்காலோடு ஆடும் பையன்களுக்குக் காலணி வாங்குவோம், பந்தயங்களுக்குப் பேருந்துக் கட்டணம் ஒதுக்குவோம், அண்ணனின் இடத்திலே புதியவனை நிறுத்துவோம் என்றது மறு கட்சி. அந்தப் புதியவன் யார் தெரியுமா? அண்ணனுக்காக வாதாடினானே, அதே இளைஞன்தான்!

அவனுடைய பெருந்தன்மை என் நெஞ்சைத் தொட்டது. ஆனால், நெஞ்சு நெகிழ்ந்த அந்த நொடியிலேயே அறிவு குறுக்கிட்டுக் கேட்டது: காத்திருப்பவன் இவன் ஒருவன்தானா? இவன் விட்டுக்கொடுப்பது இவனுக்கு மட்டுமே உரிய பொருளா? வெறுங்காலோடு ஆடும் சிறுவனின் காலணியையும் சேர்த்தல்லவா இவன் விட்டுக்கொடுக்கிறான்!

ஒன்பதாயிரம் ரூபாய் வழக்கு இது. ஆனால், இதே வழக்கு கோடிக்கணக்கான பணத்தோடு உலக அரங்கிலே நடந்திருக்கிறது. சேப்பாக்கத்திலே நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது. ஆட்டக்களத்துச் செய்திதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம், தோழர்களே! நன்றி என்பது என்ன, பதவி என்பது என்ன, ஒன்றுக்கு மற்றொன்றை விலையாகக் கொடுக்கலாமா என்ற கேள்வி, களத்தோடு நிற்கும் கேள்வி அன்று. நாட்டிலே, வீட்டிலே, நாம் நடத்தும் மன்றங்களிலே நாள்தோறும் எழுகின்ற கேள்வி.

*

அமெரிக்க நாட்டிலே கூடைப்பந்து ஆட்டம் பெருந்தொழில். லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் என்பது அங்கே புகழ்வாய்ந்த அணி. அதன் மாவீரர் கோபி பிரயன்ட். 2000, 2001, 2002, 2009, 2010 என ஐந்து முறை வாகை சூடித் தந்தவர். 2013ஆம் ஆண்டு ஏப்ரலிலே அவருடைய குதிகால் தசைநார் அறுந்தது. அவர் களத்துக்குத் திரும்பவில்லை. திரும்பினால் பழைய வேகம் இருக்குமா என்பதும் தெரியவில்லை. அந்த நிலையிலேயே, நவம்பர் மாதம், மேலும் ஈராண்டுகளுக்கு 4 கோடியே 85 இலட்சம் டாலர் தருவதாக ஒப்பந்தத்தை நீட்டித்தது அணி. அப்போது அவருக்கு வயது 35.

அந்தப் பணம் அணி முதலாளியின் இரும்புப் பெட்டியிலிருந்து மட்டும் வந்திருந்தால், நமக்கு அதிலே பேச்சில்லை. ஆனால், அந்த ஆட்டத்திலே ஊதிய வரம்பு என்று ஒன்று உண்டு. ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் தரும் ஊதியத்துக்கு அளவு வகுத்திருக்கிறார்கள். 2014-15 பருவத்திலே அந்த வரம்பு ஏறத்தாழ 6 கோடியே 30 இலட்சம் டாலர். அதிலே பிரயன்ட் ஒருவருக்கே 2 கோடியே 35 இலட்சம். மூன்றிலே ஒரு பங்குக்கும் மேல்! எஞ்சியதைக் கொண்டு எஞ்சிய அனைவரையும் தேட வேண்டும்.

விளைவு? நீட்டித்த ஈராண்டுகளிலே முதலாண்டு 82 ஆட்டங்களில் 21 வெற்றி. இரண்டாமாண்டு 17 வெற்றி. அந்த அணியின் வரலாற்றிலேயே அவ்வளவு தாழ்ந்த ஆண்டு அதற்கு முன் இருந்ததில்லை. முதலாண்டில் அவர் ஆடியதே 35 ஆட்டங்கள்தாம். தோல்விகளுக்கெல்லாம் அந்த ஊதியம் ஒன்றே காரணம் என்று கூறுவது நேர்மையாகாது. வேறு வீரர்களின் காயங்களும் உண்டு. நிருவாகத்தின் தவறுகளும் உண்டு. எனினும், மாற்றாரைத் தேட வழியில்லாமல் கையைக் கட்டிப் போட்டதிலே அந்த ஒப்பந்தத்துக்குப் பெரும் பங்கு இருந்தது என்பதை மறுக்க முடியாது.

இன்னொரு காட்சியையும் கூறிவிட வேண்டும். 2016 ஏப்ரல் 13ஆம் நாள், தம் கடைசி ஆட்டத்திலே, 37 வயதிலே, பிரயன்ட் ஒருவரே 60 புள்ளிகள் குவித்தார். அரங்கம் அழுதது. 2020 சனவரியிலே அவர் விபத்தில் மாண்டபோது, அந்த இரவை நினைந்து உலகமே அழுதது. அந்த ஓர் இரவு, அந்த ஈராண்டுகளுக்கு ஈடாகுமா? ஆகும் என்பார் இரசிகர். அந்த ஈராண்டுகளிலே அதே அணியில் வளர்ந்து கொண்டிருந்த இளம் வீரரைக் கேட்டால் என்ன சொல்வார்?

“பிரயன்ட் ஏன் வாங்கினார்? குறைத்துக்கொண்டிருக்கலாமே!” என்று அவர்மீது பாய்ந்தவர் உண்டு. அந்தப் பாய்ச்சலை நாம் ஏற்கவில்லை. உழைப்பவன் தன் உழைப்புக்கு உயர்ந்த விலை கேட்பது குற்றமன்று. அவன் கேட்கலாம், கேட்க வேண்டும். கொடுப்பவன்தான் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவன்: எதற்காகக் கொடுத்தாய்? யாருடைய பங்கிலிருந்து கொடுத்தாய்?

மற்றொரு வீரரும் இருந்தார். சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணியின் டிம் டங்கன். ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் பெற்றுக்கொண்டிருந்தவர், 2012ஆம் ஆண்டிலே ஏறத்தாழப் பாதி ஊதியத்துக்கு ஒப்பந்தம் செய்துகொண்டார். விட்ட பணத்திலே அணி தோழர்களைத் தேடிச் சேர்த்தது. இருந்தோரை இருத்திக் கொண்டது. 2014ஆம் ஆண்டு, தம் 38ஆவது வயதிலே, டங்கன் மீண்டும் வாகை சூடினார். அவர் செய்தது ஈகை. ஈகையை வாழ்த்தலாம், ஆனால் வற்புறுத்திப் பெற்றால் அது ஈகையாகாது. ஆகவே, ஒருவரின் ஈகையை நம்பி ஒரு பொது நிறுவனத்தை நடத்துவதற்கில்லை. முறை வேண்டும்.

*

முறை என்ன? அதைக் காண, இரண்டு பைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உரிமையாளரின் பை. பெரும்புகழ் வீரர் களத்திலே நின்றாலே நுழைவுச்சீட்டு விற்கும், சட்டை விற்கும், தொலைக்காட்சிக்காரர் பணத்தைக் கொட்டுவார். அவருடைய ஆட்டம் தளர்ந்தாலும் அவருடைய பெயர் தளர்வதில்லை. அந்த வருவாயெல்லாம் இந்தப் பையிலே விழும்.

மற்றொன்று, அணியின் பை. வரம்பு கட்டப்பட்ட ஊதியப் பணமும், களத்திலே இத்தனை பேர்தாம் நிற்கலாம் என்ற இடக்கணக்கும் சேர்ந்தது அது. வீரருக்குத் தரும் ஊதியமும் இடமும் இந்தப் பையிலிருந்துதான் போகும்.

இப்போது சூழ்ச்சி விளங்குகிறதா? பெயரால் வரும் ஆதாயம் ஒரு பையிலே விழுகிறது; பெயருக்குத் தரும் விலை மற்றொரு பையிலிருந்து எடுக்கப்படுகிறது! நன்றி பாராட்டிப் புகழ் பெறுபவர் ஒருவர். அந்த நன்றிக்கு விலை கொடுப்பவர், வாய்ப்புக் கிடைக்காமல் வெளியே குந்தியிருக்கும் இளைஞர்! பிறர் வீட்டு நெல்லை அளந்து கொடுத்து வள்ளல் என்று பெயர் வாங்குவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

நன்றியை எவர் கடன்பட்டாரோ அவர் தம் பையிலிருந்து செலுத்தட்டும். ஆயுள் முழுதும் மதிப்பூதியம் தரட்டும், சிலை வைக்கட்டும், அரங்குக்குப் பெயர் சூட்டட்டும். நாம் தடுக்கவில்லை. ஆனால், நாளைய பணிக்கென ஒதுக்கிய பணத்தை நேற்றைய பணிக்கு எடுத்துத் தருவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

தொழிலாளர் இயக்கம் இந்த வேறுபாட்டை நெடுநாள் முன்பே கண்டது. பணிக்கொடை என்று ஒன்றைக் கேட்டுப் பெற்றார்கள். 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டம், உழைத்த ஒவ்வோராண்டுக்கும் பதினைந்து நாள் ஊதியம் என்று கணக்கு வகுத்தது. அதன் பொருள் என்ன? கடந்த உழைப்புக்கு உரியது பணிக்கொடை; நடக்கும் உழைப்புக்கு உரியது ஊதியம். இரண்டையும் குழப்பினால் தொழிலாளிக்கும் கேடு, தொழிலுக்கும் கேடு. கால் ஓய்ந்த முதியவரை, “ஊதியம் வேண்டுமானால் இயந்திரத்தருகே நில்” என்று நிறுத்துவது கருணையாகாது. உரிய பணிக்கொடையைக் கொடுத்து உட்கார வைப்பதே அறம்.

ஆனால் ஒன்று! பணிக்கொடை தராமல், “வயதாகிவிட்டது, போய் வா” என்பவர் நம்மைத் துணைக்கழைக்க வேண்டாம். இந்த ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிச் சென்று, ஊர் ஊராகக் கூலிக்கு உழைத்து, முதுகு வளைந்து திரும்பும் மூத்தோருக்கு எந்த முதலாளி பணிக்கொடை அளந்தான்? மூத்தவரை வெறுங்கையோடு துரத்துவது ஒரு கொடுமை. மூத்தவர் பெயரால் இளையவரைப் பட்டினி போடுவது மற்றொரு கொடுமை. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதற்கில்லை.

*

இனி, சேப்பாக்கத்துக்கு வருவோம்.

மகேந்திர சிங் தோனி 2008ஆம் ஆண்டு சென்னை அணிக்கு வந்தார். 2010, 2011, 2018, 2021, 2023 என இவரும் ஐந்து முறை வாகை சூடித் தந்தார். சார்க்கண்டில் பிறந்தவரைத் தமிழகம் ‘தல’ என்று தோள்மேல் தூக்கிக் கொண்டாடியது. பிறந்த ஊர் எது என்று பாராமல், செய்த வேலை எது என்று பார்த்துப் பாராட்டிய அந்தப் பண்பு நல்ல பண்பு. அதிலே நமக்குக் குறையில்லை.

ஊதியக் கணக்கைப் பார்த்தால், பிரயன்ட் வழக்குக்கு நேர்மாறு. 2018இல் 80 கோடியிலே 15 கோடி பெற்றார். 2022இல் 90 கோடியிலே 12 கோடி. இரவீந்திர சடேஜாவுக்கு 16 கோடி தந்து முதலிடத்தில் வைத்து, இவர் இரண்டாமிடத்தில் நின்றார். 2025ஆம் ஆண்டுப் பருவத்துக்கு 120 கோடியிலே வெறும் 4 கோடி! ஐந்தாண்டுகள் நாட்டுக்காக ஆடாதவர், நாட்டுக்காக ஆடியிராதவராகக் கருதப்படுவார் என்ற பழைய விதியை மீண்டும் கொண்டு வந்தார்கள். அதன்படி 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். 90 டெஸ்ட், 350 ஒருநாள், 98 இருபது ஓவர் ஆட்டங்கள் பன்னாட்டு அரங்கிலே ஆடியவர், ஏட்டிலே அனுபவமில்லாதவர் ஆனார்! இராஜஸ்தான் அணியும் சந்தீப் சர்மாவை அதே விதியால்தான் வைத்துக்கொண்டது; எனவே விதி ஒருவருக்கு மட்டுமே உதவியது என்று சொல்ல மாட்டோம். ஆயினும் விதியின் வேடிக்கையைக் கண்டு சிரிக்காமல் இருக்க முடியுமா?

“பார்த்தீர்களா, செலவே இல்லையே! பிறகு உமக்கென்ன வழக்கு?” என்பர் நண்பர்.

செலவு பணத்தில் மட்டுமா இருக்கிறது? பதினொருவர் நிற்கும் களத்திலே ஓர் இடம் என்பதும் செலவுதான். 2023 சூனிலே அவருக்கு முழங்காலில் அறுவை மருத்துவம் நடந்தது. 2024இல் 73 பந்துகளில் 161 ஓட்டங்கள் அடித்து வியக்க வைத்தார். உண்மை. ஆனால், 2025இல் 145 பந்துகளில் 196 என்று அந்த வேகம் தணிந்தது. அந்த ஆண்டு மார்ச் 28ஆம் நாள், பெங்களூர் அணி 197 ஓட்டங்களை இலக்காக வைத்தது. அசுவினும் இறங்கிய பிறகு, ஒன்பதாவது ஆளாகத் தோனி இறங்கினார். 16 பந்துகளிலே 30 ஓட்டங்கள் எடுத்தார். அணி 50 ஓட்டங்களில் தோற்றது. சேப்பாக்கத்திலே பெங்களூர் அணி 17 ஆண்டுகளுக்குப் பின் வென்ற நாள் அது. அவருடைய முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர்கள் முழு வேகத்தோடு நின்று ஆட இயலாது என்று பயிற்சியாளர் பிளெமிங் அடுத்த ஆட்டத்துக்குப் பின் வெளிப்படையாகவே கூறினார்.

அவ்வாறாயின் கேள்வி எழுகிறதல்லவா? ஆளுக்கேற்றபடி வேலையை மாற்றி வகுக்கின்றோமா, வேலைக்கேற்ற ஆளைத் தேடுகின்றோமா? அந்த ஆண்டு சென்னை அணி 14 ஆட்டங்களில் நான்கே வென்று, வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம் பெற்றது. தலைவர் ருதுராஜ் கெய்க்வாட் காயமடைந்ததும், ஏலத்தில் விலைபோன பலர் சோபிக்காததும் காரணங்கள்தாம். தோனி ஒருவர் தலையிலே தோல்வியைக் கட்டுவது அநீதி. ஆனால், அந்த வீழ்ச்சியின் நடுவே ஒரு காட்சியைக் கவனியுங்கள்: காயமடைந்தவருக்கு மாற்றாக, 30 இலட்சத்துக்கு அழைக்கப்பட்டான் ஆயுஷ் மாத்ரே என்ற பதினேழு வயதுச் சிறுவன். மே 3ஆம் நாள் பெங்களூரிலே 48 பந்துகளில் 94 ஓட்டங்கள் குவித்தான்! கதவு தற்செயலாகத் திறந்ததால் உள்ளே வந்தான். திறக்காத கதவுகளுக்குப் பின்னால் எத்தனை மாத்ரேக்கள்!

சென்னைப் பிள்ளை சாய் சுதர்சனை எண்ணிப் பாருங்கள். 2022இல் 20 இலட்சத்துக்குக் குசராத்து அணி வாங்கியது. 2023 இறுதி ஆட்டத்திலே சென்னை அணிக்கு எதிராகவே 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் அடித்தார். 2025இல் 759 ஓட்டங்களோடு போட்டியிலேயே முதலிடம் பெற்றார். வீட்டுத் தோட்டத்து மாங்கன்று, அடுத்த வீட்டிலே காய்த்தது!

சென்னை அணியினர் பாடம் கற்காமலும் இல்லை. 2025 திசம்பர் ஏலத்திலே, நாட்டுக்காக ஆடியிராத இளைஞர் இருவரை, பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா என்போரை, தலைக்கு 14 கோடியே 20 இலட்சம் தந்து வாங்கினர். அதற்கு முந்திய மாதமே, 2026ஆம் ஆண்டுப் பருவத்துக்கும் தோனியை வைத்துக்கொண்டனர். ஒரு கையால் கன்று நடுகிறார்கள்; மறு கையால் பழைய மரத்தின் நிழலை விட மனமில்லாமல் பற்றிக்கொள்கிறார்கள்.

*

மனமில்லாதவர் அவர்கள் மட்டுமா? நாமும்தான்!

சேப்பாக்கத்திலே ஒரு விந்தை நடந்தது. சென்னை வீரர் ஆட்டமிழந்தால், சென்னை இரசிகர்களே ஆர்ப்பரித்தனர். எதற்கு? அடுத்து ‘தல’ இறங்குவாரே என்பதற்கு! நான் முன்னதாக இறங்கினால், நான் எப்போது ஆட்டமிழப்பேன் என்று கூட்டம் காத்திருக்கும் என்று சடேஜாவே 2023இல் சிரித்துக்கொண்டு கூறினார். அவர் சிரித்தார், நாம் சிந்திக்க வேண்டும்.

தன் அணி வீழ்வதைக் கண்டு தானே மகிழும் நிலைக்கு ஒரு மனிதனைக் கொண்டு சேர்ப்பது எது? பற்று முற்றிப் பக்தியாவது! அணிக்காகத் தலைவன் என்ற நிலை மாறி, தலைவனுக்காக அணி என்ற நிலை வந்துவிட்டது. ஆட்டம் பார்க்கப் போனவர்கள் தரிசனம் பார்க்கத் தொடங்கிவிட்டனர். தேரில் அமர்ந்த உருவம் நகர்ந்தால் போதும், தேரை இழுப்பவன் தோள் புண்ணாவது எவன் கண்ணுக்கும் தெரிவதில்லை.

இதனால் பெருங்கேடு அடைபவர் அந்தத் தலைவர்தாம். அவரிடம் உண்மை சொல்ல ஆள் இல்லாமல் போகிறது. தவறினாலும் கைதட்டல், தளர்ந்தாலும் கைதட்டல் என்றால், தம் உண்மை நிலையை எந்தக் கண்ணாடியிலே அவர் காண்பார்?

வயதைக் குற்றமாக்குகிறோம் என்று எவரும் எண்ண வேண்டாம். 2018 இறுதி ஆட்டத்திலே 57 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 117 ஓட்டங்கள் அடித்துச் சென்னைக்குக் கோப்பையைத் தந்த வாட்சனுக்கு அப்போது வயது 36. 2019இல் 26 இலக்குகள் வீழ்த்திப் போட்டியிலேயே முதல்வராக நின்ற இம்ரான் தாகிருக்கு வயது 40. பிறந்த குலத்தை வைத்துத் தகுதியை அளப்பது மடமை என்றால், பிறந்த ஆண்டை வைத்து அளப்பதும் மடமைதான். வயது ஒரு தகுதியும் அன்று. ஒரு குற்றமும் அன்று. இன்று இந்த வேலையை இவரினும் நன்கு செய்வார் உண்டா? இது ஒன்றே கேள்வி. இந்தக் கேள்வியை முப்பத்தெட்டு வயதுக்காரரிடமும் கேட்போம்; பத்தொன்பது வயதுக்காரனிடமும் கேட்போம்.

தோனியின் வரலாறே இதற்குச் சான்று. 2007ஆம் ஆண்டு முதலாவது இருபது ஓவர் உலகப் போட்டிக்கு டெண்டுல்கர், திராவிட், கங்குலி ஆகிய மூத்தோர் செல்லாது ஒதுங்கினர். இளைஞர் படையோடு சென்ற 26 வயதுத் தோனி கோப்பையோடு திரும்பினார். அடுத்த ஆண்டு, திராவிடும் கங்குலியும் இடம்பெறாத ஒருநாள் அணியை நடத்திச் சென்று, ஆத்திரேலியாவை ஆத்திரேலியாவிலேயே வென்றார். அன்று, “மூத்தோர் இருக்கையிலே இவனுக்கென்ன அவசரம்?” என்று நாடு சொல்லியிருந்தால், இன்று நாம் கொண்டாடும் தோனி ஏது? திறந்த கதவின் வழியே வந்தவர்மீது வைத்த அன்பால், அந்தக் கதவையே சாத்துவது அவருக்குச் செய்யும் சிறப்பா?

*

“நன்றி மறக்கச் சொல்கிறீரா? வள்ளுவர் வழிவந்தவரா நீர்?” என்று கேட்பாருண்டு.

வள்ளுவரிடமே செல்வோம். செய்ந்நன்றி அறிதலை அவர் எங்கே வைத்தார்? அறத்துப்பாலிலே, இல்லற இயலிலே, 11ஆம் அதிகாரமாக வைத்தார். யாரிடம் எந்த வேலையை ஒப்படைப்பது என்பதை எங்கே வைத்தார்? பொருட்பாலிலே, தெரிந்துவினையாடல் என்ற 52ஆம் அதிகாரமாக வைத்தார். முன்னது மனிதனுக்கு மனிதன் படும் கடன். பின்னது பொதுவேலையை நடத்தும் முறை. இரண்டுக்கும் இடையே நாற்பது அதிகாரங்கள்! நன்றியை உயர்ந்த அறம் என்றவர், நன்றிக்காக வேலையைக் கொடு என்று எங்கும் கூறவில்லை. ஆராய்ந்து, ஆற்றல் அறிந்து, வேலையை ஒப்படை என்றே கூறினார்.

ஏட்டுச் சான்று போதாதெனில், இதே ஜவ்வாது மலையிலே கண்ணுக்குத் தெரியும் சான்று உண்டு. காவலூரிலே வானாய்வுக் கூடம் இருக்கிறது. 1972இல் அங்கே 1 மீட்டர் தொலைநோக்கியை நிறுவினர். 1977 மார்ச்சிலே, யுரேனசு கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை உலகம் கண்டறிந்தபோது, அந்தக் கண்டுபிடிப்பிலே இந்தத் தொலைநோக்கிக்கும் பங்கு இருந்தது. எவ்வளவு பெரும்புகழ்! ஆனால், “இவ்வளவு செய்த கருவி இருக்கும்போது வேறெதற்கு?” என்று வேணு பாப்பு கருதவில்லை. அவர் முனைந்து தொடங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி, அவர் மறைந்த பின், 1986இல் முறைப்படி திறக்கப்பட்டது. 2014இல் 1.3 மீட்டர்க் கருவியும் வந்தது. பெரியது வந்ததும் பழையதைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. அதனதன் ஆற்றலுக்கேற்ற வேலையை அதனதனிடம் தந்தார்கள். பழையதன் புகழைக் காட்டிப் புதியதைத் தடுத்தார்களா? அதுவும் இல்லை. அறிவியலாளரின் நன்றி அப்படிப்பட்டது. பழைய கருவி கண்டதை ஏட்டிலே பொறிப்பார்கள். அடுத்த விண்மீனைக் காணப் பொருத்தமான கருவியைத் திருப்புவார்கள்.

தோழர்களே, ஊரார் அணிகளைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், நம் வீட்டைப் பார்த்தோமா? நம் படிப்பகங்களிலே, மன்றங்களிலே, சங்கங்களிலே இருபதாண்டுச் செயலாளர்கள் இல்லையா? “அவர் இல்லாவிட்டால் யார்?” என்று நாம் சொல்வதில்லையா? அவர் அன்று வீடு வீடாக நடந்தார், பசித்திருந்தார், தடியடியும் பட்டார். அந்தத் தியாகத்தை வணங்குவோம். ஆனால், தியாகம் நாற்காலிக்குத் தந்த முன்பணம் அன்று. படிப்பகத்தைத் திறக்கவே அவரால் முடியவில்லை என்றால், திறவுகோலை மட்டும் அவர் இடுப்பிலே வைத்திருப்பதால் எவருக்கு நன்மை?

*

இவற்றையெல்லாம் அந்தத் தேநீர்க் கடையிலே நான் கூறி முடித்தபோது, அந்த இளைஞன் தலை கவிழ்ந்து நின்றான். “எல்லாம் சரி, ஐயா. அண்ணன் மனம் நோகுமே! அவரிடம் யார் சொல்வது?” என்றான்.

“அவரைக் கேட்டீர்களா?”

கேட்கவில்லை. பதினைந்தாண்டுகள் அவரைப் பார்த்துக் கைதட்டியவர்கள், ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை.

மாலையிலே களத்துக்குச் சென்றோம். ஓரத்துக் கல்லின்மீது அமர்ந்து முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தார். இளைஞர் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என் கால் எனக்குப் போன வருசமே சொல்லிவிட்டது, தம்பி. ஊர்தான் சொல்லவில்லை. நானாக விலகினால், தோல்விக்குப் பயந்து ஓடினான் என்பீர்களோ என்றுதான் நின்றுகொண்டிருந்தேன்” என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டு நான் வெட்கினேன். அன்பு என்ற பெயரால் ஒரு மனிதனை ஓராண்டு வலியிலே நிறுத்தி வைத்திருக்கிறோம்! அவர் எங்களுக்காக ஆடினார். நாங்கள் அவருக்காகப் பொய் சொன்னோம்.

என் கருத்தைக் கேட்டார்கள். கூறினேன்: ஒன்பதாயிரம் அணியின் பை, அது காலணிக்கும் பேருந்துக்கும் போகட்டும். அண்ணனின் முழங்கால் ஊரின் கடன். பதினைந்தாண்டுகள் அவர் அடித்த ஒவ்வோர் அடிக்கும் கைதட்டிய ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் பையிலிருந்து தரட்டும். களத்திலே அவர் நின்ற இடத்தைப் பத்தொன்பது வயதுக்காரன் ஏற்கட்டும். ஏற்றபின், அவனினும் சிறந்தவன் வந்தால் அவனும் எழுந்து வழிவிடட்டும். பந்து எப்படி வருகிறது என்பதை இமைப்பதற்குள் படிக்கும் அந்த அண்ணனின் கண் இன்னும் தளரவில்லை. அந்தக் கண்ணுக்குரிய வேலையை, சிறுவர்க்குக் கற்றுத்தரும் வேலையை, அவர் விரும்பினால் அவரிடம் ஒப்படையுங்கள். இரக்கத்துக்காகக் கொடுக்க வேண்டாம். அதற்கு அவரே தகுதியானவர் என்பதற்காகக் கொடுங்கள்.

மறுநாள் காலை, நான் மலையிறங்கும் பேருந்துக்குக் காத்திருந்த வேளையிலே, கையிலே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அந்த இளைஞன் வீடு வீடாக ஏறிக்கொண்டிருந்தான். முழங்காலுக்குப் பணம் திரட்டுகிறான். முதல் வரியிலே அவன் பெயர். எதிரே நூறு ரூபாய். நன்றி என்றால் அது! காத்திருப்பதாகச் சொன்னானே, அது அன்று.

மூத்தோர்க்கு உரியதைக் குறையாமல் கொடுப்போம். இளையோர்க்கு உரியதை எடுத்துக் கொடுக்கமாட்டோம். நன்றிக்கு நெஞ்சிலே இடமுண்டு; நாற்காலியிலே இல்லை.